விரத வீட்டில் நாய் ரத்தம்

பங்குனி உத்திரத்துக்குக் காப்புக் கட்டியிருக்கிற வீட்டில், ஃபிரிட்ஜுக்குள் நாய் ரத்தத்தைக் கொண்டுவந்து வைக்கிற புருஷனை என்ன செய்வது? வெற்றிச்செல்விக்கு விளங்கவே இல்லை. மஞ்சள் சேலையும் கையில் காப்புக் கயிறுமாக அடுப்படி வாசலில் நின்று அவனையே பார்த்தாள். அவன் பாட்டுக்குத் தயிர்ப் பாத்திரத்தை ஒதுக்கிவிட்டு, ஒரு டிபன் டப்பாவை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தான்.

"என்னாங்க அது?"

"பவுனு ரத்தம்."

கொத்தமல்லிக் கட்டு வாங்கி வந்தவன் சொல்வதுபோல அத்தனை சாதாரணமாகச் சொன்னான்.

அறிவழகனுக்கு ரெட்டிபாளையம் பக்கத்தில் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் காவல் வேலை. அங்கே வெடிமருந்து அறையைக் காக்கக் கம்பெனி ஒரு லேப்ரடார் நாயை வாங்கி அவன் கையில் ஒப்படைத்திருந்தது. கம்பெனி வைத்த பெயர் கோல்டி. வெற்றிச்செல்வி வாயில் அது முதல் நாளே பவுனு ஆகிவிட்டது. ராத்திரி அவனோடு காவலுக்குப் போகும், விடிந்தால் அவனோடு வீட்டுக்கு வந்துவிடும். நாய் கம்பெனியுடையது என்றாலும் அதற்குச் சோறு வடிப்பவள் இவள்தான்.

அந்தப் பவுனுக்குக் கொஞ்ச காலமாக உடம்பு சரியில்லை. அரை வயிறு தின்றாலும் உடம்பு ஊதிக்கொண்டே போனது. வால் மயிர் கொட்டி எலி வாலாகிவிட்டது. கூப்பிட்டால் வருவதா வேண்டாமா என்று யோசித்து எழுந்தது. ஊரே நிழல் தேடி ஓடுகிற வெயிலில், இது மட்டும் போய்ச் சுட்டுக் கிடக்கிற மேற்குச் சுவரில் முதுகை ஒட்டவைத்துப் படுத்தது. "இது காவல் நாயா, கல்யாணத்துக்கு வந்த சம்பந்தியாய்யா?" என்று செக்யூரிட்டி ஆபீசர் குருமூர்த்தி கேட்டுவிட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. சம்பந்தியாவது பந்திக்கு எழுந்து போவார்.

அரியலூரில் கிளினிக் வைத்திருக்கிற மாட்டு டாக்டர் பூங்குழலிதான், "தைராய்டு குறைபாடா இருக்கலாம்" என்று சந்தேகப்பட்டார். அப்படி இருந்தால் ரத்தத்தில் அந்த ஹார்மோன் குறைந்திருக்கும், மாத்திரை கொடுத்தால் நாய் பழையபடி ஆகிவிடும். சோதனை பெரம்பலூரில் ஒரு லேபில். அவர்கள் வாரத்தில் ஒரு நாள்தான், புதன்கிழமைதான், அந்தச் சோதனையைப் போடுவார்கள். டாக்டர் அன்றைக்கே தம்பி கல்யாணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்ததால் கிளினிக்கைப் பூட்ட வேண்டியிருந்தது. ரத்தத்தை மிஷினில் சுற்றவிட்டு, மேலே தெளிந்து நின்ற நீரை ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் எடுத்து அறிவழகன் கையில் கொடுத்துவிட்டார். வீட்டு ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், சூடு படக்கூடாது, புதன்கிழமை ஐஸ் போட்டு நேரே லேபில் சேர்த்துவிட வேண்டும். இதுதான் டாக்டர் சொன்னது. அதைத்தான் அவன் செய்துகொண்டிருந்தான்.

"வெளிய எடுங்க. பால்கொடம் முடியிற வரைக்கும் வூட்டுல கவுச்சி கூடாதுன்னு தெரியுந்தானே?"

"இது ரத்தமே இல்ல செல்வி. சுத்தி எடுத்த தெளிவு. பாரேன், மஞ்சளாத்தான இருக்கு."

"மஞ்சளா இருந்தா அபிசேகத் தண்ணி ஆயிடுமா?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே, "சூடு பட்டா வீணாப் போயிடுமாம். நீ கைய வெச்சிடாத, ஆமா" என்று சொல்லிவிட்டு, ராத்திரிக் காவல் பார்த்த அலுப்பில் போய்ப் படுத்துவிட்டான்.

அவளுடைய வேண்டுதல் விளையாட்டு வேண்டுதல் அல்ல. போன மழைக்காலத்தில் மகள் மஞ்சுவுக்கு வீசிங் முற்றி, மூச்சுக்குத் திணறிக்கொண்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது, செட்டிகுளத்து முருகனுக்குப் பால்குடம் எடுப்பதாகச் சொல்லித்தான் அவள் அன்றைக்கு அழுகையை நிறுத்தினாள். பிள்ளை பிழைத்து வந்துவிட்டது. இப்போது சாமிக்குக் கொடுத்த வாக்கில் ஒரு சொட்டு நாய் ரத்தம் பட்டால் அந்தப் பாவம் யார் தலையில் விடியும்?

அவன் குறட்டை விட ஆரம்பித்ததும் எழுந்தாள். டிபன் டப்பாவைத் திறந்து குப்பியை மட்டும் எடுத்தாள். காலி டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்து மூடினாள். தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறப்பான், டப்பா கண்ணில் பட்டால் போதும். குப்பியைத் துணியில் சுற்றி எங்கே வைப்பதென்று சுற்றுமுற்றும் பார்த்தாள். பூனை ஏறக்கூடாது, மஞ்சு கைக்கு எட்டக்கூடாது. ஃபிரிட்ஜுக்கு மேலே சுவரில் ஸ்டெபிலைசர் பெட்டி மாட்டியிருந்தது. அதன் தலையில் வைத்தாள். ஃபிரிட்ஜுக்குப் பக்கம்தானே, என்ன ஆகிவிடப்போகிறது என்று தனக்குத்தானே ஒரு தீர்ப்பும் சொல்லிக்கொண்டாள்.

ஸ்டெபிலைசர் பெட்டி ராத்திரி பகலாகச் சுடும். சிமெண்டு ஷீட்டுக் கூரை பகல் முழுக்க இறக்கும் வெக்கை வேறு. குப்பி அஞ்சாறு நாள், புதன்கிழமை வரைக்கும், அங்கேயே வெந்துகொண்டிருந்தது. புதன்கிழமை விடியலில், அவன் காவலிலிருந்து வருவதற்கு முன்னால், டப்பாவுக்குள் பழையபடி போட்டுவிட்டாள். அவன் ஐஸ் நிரப்பிய பையில் அதைப் பொத்திப் பொத்தி வைத்துக்கொண்டு பெரம்பலூர் பஸ் ஏறியபோது அவளுக்கு உள்ளூர ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. பால்குட வேலையில் அதையும் மறந்துபோனாள்.

செட்டிகுளத்துக்குப் போய்ப் படி ஏறி, பால் அபிஷேகம் ஆகி, மனசு நிறைந்து அவள் திரும்பி வந்த மறுநாள் டாக்டரிடமிருந்து போன் வந்தது. அறிவழகன் ஸ்பீக்கரில் போட்டான்.

"அளவு நார்மல்னு வந்திருக்குங்க. எனக்கே ஆச்சரியமாத்தான் இருக்கு. பார்த்தா தைராய்டு மாதிரியேதான் இருந்துச்சு. சரி, வேற என்னன்னு கொஞ்ச நாள் விட்டுப் பார்ப்போம்."

குருமூர்த்தி அந்தக் கொஞ்ச நாளை விடவில்லை. "நோவு இல்லன்னு பேப்பரே சொல்லிடுச்சுல்ல, அறிவு? அப்ப இது சோம்பேறித்தனம். மாசக் கடைசி வரைக்கும் பாரு. ஓடி ஆடுனா இருக்கட்டும். இல்லன்னா வேப்பந்தட்டையில நம்ம காசிநாதன் கோழிப்பண்ணைக்கு ஒரு நாய் கேட்டுக்கிட்டிருக்காரு, ஏத்தி வுட்டுடுவோம்."

கோழிப்பண்ணை நாய் என்றால் என்னவென்று அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஒரு கம்பம், ஒரு சங்கிலி, சாகும்வரை அதே வட்டம்.

வெற்றிச்செல்விக்கு அந்த ஸ்டெபிலைசர் பெட்டிதான் ஞாபகத்துக்கு வந்தது. உடனே தன்னைத் தேற்றிக்கொண்டாள். அவள் கணக்கு இதுதான்: சூட்டில் வைத்தால் ஒரு பொருள் கெடும், கெட்டால் அதில் இருப்பது குறையும். குப்பி கெட்டிருந்தால் ஹார்மோன் குறைவு என்றுதானே வந்திருக்க வேண்டும்? குறையாமல் சரியாக வந்திருக்கிறது. அப்படியானால் குப்பி கெடவில்லை, நாய்க்கும் நோய் இல்லை. இதைப் போய்ப் புருஷனிடம் சொல்லி எதற்குக் குடும்பத்தில் சண்டை? குருமூர்த்தி காதுக்குப் போனால் கம்பெனிச் சாமானை வீட்டில் வைத்துக் கெடுத்தான் என்று அவன் வேலைக்கும் உலை வைத்துவிடுவார். வாயை மூடிக்கொண்டாள். கணக்கு சரியாக இருந்தால் மனசும் அமைதியாக இருந்திருக்க வேண்டும். அதுதான் இல்லை.

அறிவழகன் ஆளே மாறிப்போனான். பவுனைக் கோழிப்பண்ணைக்கு விடாமல் காப்பாற்ற வேண்டுமென்றால் அதன் சோம்பலை முறிக்க வேண்டும், அவனுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். தட்டில் சோற்றைப் பாதியாக்கினான். காவல் முடிந்து வந்த கையோடு, தூங்காமல், சைக்கிள் பின்னால் கட்டிச் சுரங்கத்து மண்பாதையில் ஓடவிட்டான். லாரிகள் கிளப்பும் வெள்ளைப் புழுதியில் அவன் மிதிக்க, அது பின்னால் இழுபட்டது. "ஓடு பவுனு, ஓடிடு தாயி, எனக்காக ஓடிடு" என்று கெஞ்சிக்கொண்டே மிதித்தான். அதுவும் அவனுக்காகக் கொஞ்ச தூரம் ஓடத்தான் செய்தது. அப்புறம் கால் மடங்கி உட்கார்ந்துவிடும்.

ஒரு நாள் காலை குழாயடியில் குடத்தோடு நின்ற வெற்றிச்செல்வி அதைப் பார்த்தாள். பாதை ஓரத்தில் பவுனு படுத்துவிட்டது. சைக்கிளைச் சாய்த்துவிட்டு இறங்கினான். கூப்பிட்டான், இழுத்தான், வயிற்றுக்குக் கீழே கை கொடுத்துத் தூக்கிப் பார்த்தான். பிறகு கையிலிருந்த வாரை மடக்கி அதன் முதுகில் ஓங்கி அடித்தான்.

அந்த மனுஷன் நாயை அடித்து அவள் பார்த்ததே இல்லை. மாட்டைக்கூட அதட்டாத ஆள் அவன். பவுனு கத்தவில்லை. அவன் முகத்தைப் பார்த்தது, தட்டுத் தடுமாறி எழுந்தது, நாலு எட்டு வைத்தது, மறுபடி படுத்தது. அடித்தவன் அதன் பக்கத்திலேயே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். நிரம்பி வழிந்த குடத்தை எடுக்கக்கூடத் தோன்றாமல் வெற்றிச்செல்வி நின்றாள்.

தையல் நூல் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு அன்றைக்கே அரியலூருக்கு பஸ் ஏறினாள்.

டாக்டர் பூங்குழலி ஒரு ஆட்டுக்குட்டியின் காதில் மருந்து விட்டுக்கொண்டிருந்தார். "வாங்க. நம்ம கோல்டி வூட்டுக்காரங்கதானே? என்னாச்சு, நாய் எப்படி இருக்கு?"

"நாய் அப்படியேதாங்க கெடக்கு. ஒரு சந்தேகம் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன் டாக்டரம்மா." அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். "அந்தக் குப்பி, ஒரு பேச்சுக்குக் கேக்குறேன், சூட்டுல இருந்திருந்தா என்னாவும்?"

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "எவ்வளவு சூடு? எத்தினி நாளு?"

ஒரு பேச்சுக்குக் கேட்டவளால் அதற்குமேல் பேச்சை நீட்ட முடியவில்லை. விரதம், டிபன் டப்பா, ஸ்டெபிலைசர் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். திட்டு விழும் என்று குனிந்து நின்றாள். திட்டு விழவில்லை. டாக்டர் ஆட்டுக்குட்டியைக் கீழே இறக்கி அதன் சொந்தக்காரரை அனுப்பிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னார்.

"கெட்டுப்போனா கொறையத்தானுங்களே டாக்டரம்மா செய்யும்? இது சரியா வந்திருக்கே. அப்ப அது கெடலதானே?" அவளுக்கு இன்னும் அந்தக் கணக்கை விட மனசில்லை.

"அப்படித்தான் எல்லாரும் நெனைப்பாங்க. சில ஹார்மோன் சூட்டுல கொறையும், நெசந்தான். இது அப்படியில்லங்க. நாய் ரத்தத்துத் தெளிவைக் கண்ணாடிக் குப்பியில ஊத்தி, வெயில் காலத்துச் சூட்டுல அஞ்சாறு நாள் வெச்சா, இந்தத் தைராய்டு அளவு ஏறி வரலாம். உள்ள கம்மியா இருந்தாலும் ஏறி வந்து நார்மல் மாதிரி நிக்கும். பிளாஸ்டிக்கா இருந்திருந்தா இவ்வளவு தடுமாறாது. எங்கிட்ட அன்னிக்குப் பிளாஸ்டிக் குப்பி தீந்து போச்சு. கல்யாண அவசரத்துல கையில கெடைச்சதுல ஊத்திக் குடுத்துட்டேன். தப்பு உங்களோடது மட்டும் இல்ல."

வீட்டில் தினமும் மாவு ஆட்டுகிறவள் வெற்றிச்செல்வி. வெக்கையில் வைத்த மாவு பொங்கிப் பாத்திரத்துக்கு வெளியே வழிவதைத் துடைத்துத் துடைத்துக் கை தேய்ந்தவள். கெடுகிற பொருள் ஏறவும் செய்யும் என்பது தனக்கு எப்படித் தோன்றாமல் போனது?

"அப்ப பவுனுக்கு நோவு இருக்குங்களா?"

"இருக்குன்னும் சொல்ல மாட்டேன், இல்லன்னும் சொல்ல மாட்டேன். அந்த ரிப்போர்ட்டை நம்பக்கூடாது, அதான் சேதி. திரும்ப எடுக்கணும். நான் கம்பெனிக்கு எழுதித் தரேன். ஆனா உங்க வூட்டுக்காரர்கிட்ட நீங்கதான் சொல்லணும், நான் சொன்னா நல்லா இருக்காது."

பஸ்ஸில் திரும்புகிற வழி முழுக்க எப்படி ஆரம்பிப்பது என்றே யோசித்துக்கொண்டு வந்தாள். சாப்பாடு போட்டுவிட்டுச் சொல்லலாம், மஞ்சு பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் சொல்லலாம், மெதுவாகச் சொல்லலாம். மாசக் கடைசிக்குத்தான் இன்னும் நாள் கிடக்கிறதே.

வீட்டு வாசலில் ஒரு குட்டியானைச் சரக்கு வண்டி நின்றுகொண்டிருந்தது.

கோழிப்பண்ணைக் காசிநாதன் சிமெண்டு வாங்க இந்தப் பக்கம் வந்தவர், கையோடு நாயையும் ஏற்றிப் போய்விடலாம் என்று வந்துவிட்டார். குருமூர்த்தியும் பைக்கில் வந்து நின்றார். வண்டியின் பின்பக்கத்தில், சிமெண்டு மூட்டைகளுக்கு நடுவே, பவுனு கட்டப்பட்டுக் கிடந்தது. எங்கே போகிறோம் என்று கேட்கிற தெம்புகூட அதற்கு இல்லை. அறிவழகன் வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். அவன் முகம் அழுது முடித்த முகமாக இருந்தது.

"சோறு ரொம்ப போட வேணாம், கோழிக்கழிவே போதும்" என்று காசிநாதன் யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டு வண்டிக் கதவைத் திறந்தார்.

"அண்ணே, கொஞ்சம் இருங்க." வெற்றிச்செல்வி வண்டிக்கு முன்னால் போய் நின்றாள். மெதுவாகச் சொல்ல இனி நேரம் இல்லை. "அதை எறக்குங்க. அந்த ரிப்போர்ட்டு தப்பு. குப்பிய நான்தான் ஃபிரிட்ஜுலேருந்து எடுத்து ஸ்டெபிலைசர் மேல வெச்சேன். அஞ்சாறு நாளு அங்கதான் இருந்துச்சு. விரதம்னு வெச்சேன். இவருக்குத் தெரியாது. டப்பாவ மட்டும் உள்ள வெச்சு இவரையும் ஏமாத்திட்டேன். டாக்டரம்மாவக் கேட்டுட்டுத்தான் வரேன். சூடு பட்டா அளவு ஏறுமாம். திரும்ப எடுக்கணும்னு எழுதிக் குடுத்திருக்காங்க."

குருமூர்த்தி டாக்டரின் சீட்டை வாங்கிப் படித்தார். "என்னம்மா இது, கம்பெனிய வெச்சு வெளையாடுறீங்களா?" என்றார்.

"தப்பு என்னுதுங்க சார். இவர வேலைய வுட்டு எடுத்துடாதீங்க. என்ன கேக்கணுமோ என்னைக் கேளுங்க."

குருமூர்த்தி அறிவழகனைப் பார்த்தார். அவன் அவரையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. வண்டியின் பின்பலகையை இறக்கி, மூட்டைமேல் ஏறி, பவுனை இரண்டு கையாலும் அள்ளித் தூக்கிக்கொண்டு இறங்கினான். அந்தக் கனத்தில் அவன் கால் தடுமாறியது.

"சரி, இன்னொரு தடவ பாருங்க. இதான் கடைசி" என்று குருமூர்த்தி பைக்கைக் கிளப்பினார். காசிநாதன் சலித்துக்கொண்டே சிமெண்டோடு கிளம்பிப் போனார்.

மறுநாள் டாக்டர் புதிதாக ரத்தம் எடுத்தார். பிளாஸ்டிக் குப்பியில் ஊற்றித் தன் ஃபிரிட்ஜிலேயே வைத்தார். புதன்கிழமை தானே ஐஸ் பெட்டியோடு பெரம்பலூர் போய் லேபில் கொடுத்துவிட்டு வந்தார். அதுவரைக்கும் அறிவழகன் வெற்றிச்செல்வியோடு தேவைக்குப் பேசினான். திட்டவில்லை. சோறு போட்டால் சாப்பிட்டான், காவலுக்குப் போனான், வந்தான். நாலு வார்த்தை திட்டித் தொலைத்திருந்தால் அவளுக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

டாக்டரின் போன் ஒரு சாயங்காலம் வந்தது. இந்தத் தரம் ஸ்பீக்கரில் போடாமல் காதில் வைத்துக் கேட்டான். "சரிங்க. சரிங்கம்மா. எவ்வளவு கம்மின்னாங்க? சரிங்க" என்றான். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அவளிடம் ஒன்றும் சொல்லாமல், மேற்குச் சுவர்ப் பக்கம் நடந்தான்.

கொஞ்ச நேரம் பொறுத்து அவளும் போனாள்.

பவுனு சூடு ஆறாத சுவரோரம் படுத்திருந்தது. அதன் முன்னால் அவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அன்றைக்கு அடி விழுந்த முதுகைத் தடவிக்கொண்டிருந்தான். தடவத் தடவ அவன் தோள் குலுங்கியது.

"ரொம்பக் கம்மியாம் செல்வி. உள்ள ஒண்ணுமே இல்லாம கெடந்திருக்கு. நடக்குறதே பெருசாம். மாத்திர போட்டா எந்திரிச்சுடுமாம், ஆயுசுக்கும் போடணுமாம், போடுறேன்." மூக்கை உறிஞ்சினான். "முடியாமத்தான் படுத்திருக்கு. அதைப் போயி சைக்கிள்ல கட்டி இழுத்து, அடிச்சு... முடியலன்னு சொல்லக்கூட அதுக்கு வாயில்லையே."

"அதுக்கு வாயில்ல. எனக்கு இருந்துச்சுங்க" என்றாள் வெற்றிச்செல்வி. "நீங்க அடிச்சப்பக்கூட எனக்கு வாயி இருந்துச்சு."

அவள் சுவரோரம் பவுனுக்கு அந்தப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பவுனு தலையைத் தூக்கி இரண்டு பேரையும் பார்த்தது. பிறகு மயிர் கொட்டிய வாலை, மெல்ல, ஒரே ஒரு தரம் தரையில் தட்டியது. அதைப் பார்க்கப் பொறுக்காமல் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.